மூன்று நாள் நாற்று

போன புதன்கிழமை விதைத்தது, இன்றோடு ஏழு நாள், இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலேயே வந்திருக்கிறது, இனி ஒரு நாள் விட்டால் தண்டு முற்றி நாரோடிவிடும், இன்றைக்கே கத்தரித்துவிட வேண்டியதுதான் என்று தவமணி சமையலறை ஜன்னலுக்கு முன்னால் நின்று நினைத்துக்கொண்டாள். கிழக்குப் பார்த்த ஜன்னல். எதிரே நாலு மொட்டை மாடிகளுக்கு அப்பால் திண்டுக்கல் மலைக்கோட்டை, காலை வெயிலில் உப்புப் போட்டுத் தேய்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. ஜன்னல் திட்டில் எவர்சில்வர் தட்டு, தட்டில் நாலாக மடித்த பழைய வேட்டித் துணி, துணியின் மேல் நூறு நாற்று, பத்துக்குப் பத்து. வீட்டில் தின்னத்தானே போடுகிறாய், கையில் அள்ளித் தூவினால் முளைக்காதா என்று அலுவலகத்தில் கேட்டுச் சிரிப்பார்கள். முளைக்கும். ஆனால் முப்பத்திரண்டு வருஷமாய் விதைப் பரிசோதனை நிலையத்தில் ஈரத்தாளின் மேல் நூறு நூறாக எண்ணி வைத்த விரலுக்குத் தூவுவது எப்படி என்று தெரியாது. தொண்ணூற்றேழு நாற்று நன்றாக இருந்தது, ஒன்று சுருண்டு கிடந்தது, இரண்டு விதை முளைக்கவே இல்லை. நல்ல விதை. நாட்டு மருந்துக் கடையில் ஆளி விதை என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது கடையில் தட்டையாய்ப் பளபளக்கும் வேறொன்றைக் கட்டிக் கொடுத்துவிடுவான், முதல் தடவை அவளிடமே அதைத்தான் நீட்டினான், அவள் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை, இது இல்லை தம்பி, செக்கச்செவேலென்று சின்னதாய் இருக்கும், தண்ணி பட்டால் கொழகொழவென்று ஆகும், ஹலீம்னு டப்பாவில் எழுதி வச்சிருப்பீங்க பாருங்க என்றாள், அவன் ஏணி போட்டு ஏறி எடுத்தான். ரத்தத்தில் இரும்பு குறைவு என்று டாக்டர் சொன்னதிலிருந்து மூன்று மாதமாய் இந்தக் கீரை ஓயாமல் ஜன்னலில் வளர்கிறது. ஒன்றைக் கத்தரிக்கும்போது அடுத்தது பாதி வளர்ந்திருக்க வேண்டும், அதுதான் கணக்கு, ஆனால் இந்த வாரம் அடுத்தது இல்லை, ஞாயிற்றுக்கிழமை போட்டிருக்க வேண்டியது, அன்றைக்கு வத்தலக்குண்டில் கல்யாணம், விடிகாலை பஸ் ஏறினவள் திரும்பி வர நாலரை ஆகிவிட்டது, அலுப்பில் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். ஒரு நாற்றைக் கிள்ளி வாயில் போட்டாள். முதலில் ஒன்றும் தெரியாது, பச்சைத் தண்ணீர் மாதிரிதான், கடித்து இரண்டு எண்ணுவதற்குள் கடுகைக் கடித்தது போல மூக்கு வரை சுரீரென்று ஏறும். ஏறியது. நன்றாய் இருந்தது. கத்தரிக்கோல் எங்கே, சின்ன அறையில் தையல் மிஷின் டிராயரில், இடது பக்கம், பாபின் டப்பாவுக்குப் பின்னால். இதெல்லாம் யோசிக்காமல் வந்துவிடும் அவளுக்கு. நிலையத்தில் பரிசோதனைக்கு வந்த பழைய விதை மாதிரி எதையாவது தேட வேண்டுமென்றால் பதிவேட்டைப் புரட்டுவதற்கு முன்னால் தவமணி மேடத்தைக் கேளு என்பார்கள். மாதிரிக்குப் போட்ட எண்ணைச் சொல்வாள், எந்த ஊர் நெல் என்று சொல்வாள், எத்தனை முளைத்தது என்றும் சொல்வாள்.

சின்ன அறையில் ஆள் புழக்கம் கிடையாது. மகன் ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு அவன் கட்டிலின் மேல் இஸ்திரிக்குப் போகவேண்டிய துணிதான் படுத்திருக்கிறது. டிராயரைத் திறந்தாள், கத்தரிக்கோல் சொன்ன இடத்திலேயே இருந்தது, இருட்டாய் இருக்கிறதே என்று மேற்கு ஜன்னலின் திரையை ஒதுக்கினாள், திரைக்குப் பின்னால் திட்டில் வெளிச்சம் புகாத ஒரு பிளாஸ்டிக் டப்பா. மிக்சர் வாங்கின டப்பா. மூடி ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளேயிருந்து ஏதோ அதைத் தலையால் முட்டிக்கொண்டிருந்தது. மூடியை எடுத்தாள். வெளுத்துப்போன நாற்று. மஞ்சளும் வெள்ளையுமாய், நூல் நூலாய் நீண்டு, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, மூடியில் முட்டி வளைந்து, ஒரு கொத்து நாற்று. அதே செடிதான். இரண்டு இலையும் மூன்று மூன்றாகப் பிளந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். அவள் கத்தரிக்கோலைக் கட்டிலில் வைத்தாள். யார் போட்டது இது? இந்தக் கேள்விக்கு ஒரு விநாடி முன்னாலேயே நெஞ்சுக்குள் எதுவோ பதில் சொல்லிவிட்டிருந்தது. நான்தான். நான் போட்டிருக்கிறேன், போட்டதை மறந்திருக்கிறேன். இல்லை, போடவில்லை, போட்டிருந்தால் தெரியாதா, ஒரு டப்பாவைத் தேடி எடுத்து, துணியை வெட்டி, நனைத்து, விதையை எடுத்து, இவ்வளவும் செய்துவிட்டு ஒருத்திக்குத் தெரியாமல் போகுமா. போகும். போகும் என்று அவளுக்குத் தெரியும். அம்மாவுக்குப் போயிற்று.

அம்மா, ஆவுடையம்மாள், சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராய் இருந்தவள், நூற்றிநாற்பது பிள்ளைகளுக்கு அரிசியைக் கண்ணாலேயே அளந்து போடுவாள், ஒரு பிடி கூடாது, ஒரு பிடி குறையாது. அறுபத்தோராவது வயதில் ஒருநாள் ஒரே தொட்டியில் ஒரே பகலுக்குள் மூன்று தடவை கொத்தமல்லி விதைத்தாள். தவமணி அன்றைக்கு லீவில் ஊருக்குப் போயிருந்தாள், பார்த்துக்கொண்டேதான் இருந்தாள், முதல் தடவை என்னம்மா விதைக்கிற என்றாள், இரண்டாவது தடவை இப்பத்தானே போட்ட என்று சிரித்தாள், மூன்றாவது தடவை அம்மா தனியாவைச் செங்கல்லால் நசுக்கிக்கொண்டே, இந்தத் தொட்டி எவ்வளவு நாளா சும்மா கெடக்குது பாரு என்று சொன்னபோது சிரிப்பு வரவில்லை. அதற்கு முன்னாலேயே துண்டுச்சீட்டு ஆரம்பித்துவிட்டது. அரிசி டப்பாவில் ஒரு சீட்டு, சாமி படத்துக்குப் பின்னால் ஒரு சீட்டு, முந்தானையில் முடிந்து ஒரு சீட்டு, பால் வாங்கியாச்சு, கேஸை மூடியாச்சு, தவமணிக்கு ஃபோன் பண்ணியாச்சு. எல்லாம் அழகான கையெழுத்து. அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, எங்களுக்கெல்லாம் தெரிவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அதுதான் பிறகு நினைக்க நினைக்கத் தாங்கவில்லை, அந்த ஒரு வருஷம் அவள் தனியாய்ச் சீட்டு எழுதிக்கொண்டு இருந்திருக்கிறாள். கடைசியில் தவமணியை டீச்சர் என்று கூப்பிட்டாள், மரியாதையாய் எழுந்து நின்றாள், உக்காருங்க டீச்சர். தவமணிக்கு இப்போது ஐம்பத்தேழு. அறுபத்தொன்றுக்கு நாலு வருஷம். அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் மனசுக்குள் களை விதைகளின் பெயரைச் சொல்லிப் பார்ப்பாள், பரிசோதனைக்கு வரும் மாதிரியில் கலந்திருக்கும் களை, முப்பத்தாறு பெயர், நிலையம் இருக்கும் நிறுத்தம் வருவதற்குள் முப்பத்தாறும் வந்துவிட வேண்டும். வந்துவிடும். நேற்றும் வந்தது. நேற்று முப்பத்தாறும் வந்தது. பின்னே இந்த டப்பா?

"என்னங்க," என்று அறையிலிருந்தே கூப்பிட்டாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

பால்கனியில் பேப்பர் படபடத்தது. சௌந்தரபாண்டி மின்வாரியத்தில் ஃபோர்மேனாய் இருந்து ரிட்டயர் ஆகி நாலு வருஷம், காலையில் காபியும் பேப்பருமாய் உட்கார்ந்தால் ஏழரை வரைக்கும் எழுந்திருக்க மாட்டார்.

"என்ன தவம்?"

"சின்ன ரூம் ஜன்னல்ல, டப்பாவுல வெதை ஏதும் போட்டீங்களா?"

"வெதையா? நான் எதுக்குப் போடப் போறேன். அது உன் டிபார்ட்மெண்டுல்ல."

"நெசமாத்தானா?"

"அட, நெசமாத்தான்ங்கிறேன். ஏன், எலி எதுவும் தின்னுருச்சா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

சும்மா. அவர் பொய் சொன்னால் தெரியும். முப்பது வருஷத்தில் சொன்ன பொய்கள் விரல் விட்டு எண்ணிவிடலாம், பைக்கோடு விழுந்து முட்டி பேர்ந்ததை மறைத்தது, அவள் அண்ணன் ஏசினதைச் சொல்லாமல் விட்டது, ஒவ்வொரு தடவையும் பேச்சை இழுப்பார், குரல் ஒரு படி மேலே போகும். இப்போது போகவில்லை. காபி குடித்துக்கொண்டே, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்ன குரல் அது. அப்படியானால் அவர் இல்லை. வீட்டில் இருப்பது இரண்டே பேர். தவமணி கட்டிலின் விளிம்பில் துணியை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள், டப்பாவின் குளிர்ச்சி புடவை வழியாய்ச் சில்லென்று தொடையில் இறங்கியது. பயம் வந்தால் உடம்பு முதலில் என்ன செய்கிறது என்று அவள் கவனித்தாள், காது அடைக்கிறது, நாக்கு உலர்கிறது, சரி, அடைக்கட்டும். மாதிரி வந்திருக்கிறது, பரிசோதனை பண்ணுவோம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத எத்தனை மாதிரியைப் பார்த்திருக்கிறேன், விதை தன்னைப் பற்றித் தானே சொல்லும், யார் வைத்தார்கள், எப்போது வைத்தார்கள், எப்படி வைத்தார்கள் எல்லாம் சொல்லும். முதலில் வயசு. நீளத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, இது மூடிய டப்பாவின் இருட்டில் வளர்ந்தது, வெளிச்சம் தேடி நீண்டிருக்கிறது, நீளத்தில் பாதியைக் கழித்துவிட வேண்டும். வேரைப் பார்க்க வேண்டும், இலை எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நகத்தால் ஒன்றை மெல்லத் தூக்கினாள். இலை இப்போதுதான் விதைத் தோலைத் தள்ளியிருக்கிறது, சிலதில் தோல் இன்னும் தொப்பி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று நாள். இரண்டரைக்குக் குறையாது, மூன்றரையைத் தாண்டாது. அப்படியென்றால் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே இருந்தேன்?

விடிகாலை ஐந்தேகால் பஸ். பக்கத்தில் ஒரு பெண் மடியில் பலாப்பழத்தை வைத்துக்கொண்டு தூங்கினாள். செம்பட்டி தாண்டும்போது விடிந்தது. மண்டபத்தில் சாப்பாட்டுக்கு மூன்றாம் பந்தி, ரசத்தில் மிளகு தூக்கல், மாப்பிள்ளையின் சித்தப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, பெண்ணுக்குப் போட்ட மாலையில் சம்பங்கி வாடியிருந்தது. எல்லாம் வருகிறது. ஒவ்வொன்றாய், அடுக்கு குலையாமல் வருகிறது. நாலரைக்கு வீடு. கால் கழுவினாள், தண்ணீர் குடித்தாள், படுத்துவிட்டாள், ஆறரைக்கு எழுந்து இட்லிக்கு ஊறப்போட்டதை அரைத்தாள், பிறகு மகன் ஃபோன், பிறகு சாப்பாடு. நாலரைக்கும் ஆறரைக்கும் நடுவில். அந்த இரண்டு மணி நேரம் தூங்கினேனா? தூங்கினேன் என்றுதான் நினைக்கிறேன். தூங்கினது எப்படி ஞாபகம் இருக்கும், தூங்கினதை யாரால் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும்? அம்மாவும் கேட்டால் தூங்கினேன் என்றுதான் சொல்வாள். மதியம் என்னம்மா பண்ணின? தூங்கினேன். ஞாபகச் சங்கிலி அங்கே போய்த் தட்டியது, மறுபடி பஸ்ஸிலிருந்து ஆரம்பித்தாள், பலாப்பழம், செம்பட்டி, மூன்றாம் பந்தி, சம்பங்கி, நாலரை, மறுபடி அதே இடத்தில் போய்த் தட்டியது. பலாப்பழம், செம்பட்டி. போதும். இப்படிச் சுற்றினால் சுற்றிக்கொண்டே இருக்கலாம். ஞாபகத்தை வைத்து ஞாபகத்தைச் சோதிக்க முடியாது, டப்பாவைப் பார். வேறு ஆள் வைத்த மாதிரி என்று நினைத்துக்கொண்டு பார்.

பார்த்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது, இத்தனை நேரம் இந்தக் கண் எங்கே போயிருந்தது. நாற்று கொத்துக் கொத்தாய் இருந்தது. இங்கே ஏழெட்டு ஒரே இடத்தில், அங்கே வெறுந்துணி, மூலையில் பத்துப் பதினைந்து ஒன்றாய் ஒட்டிக்கொண்டு கிடந்தது. இந்த விதை தண்ணீர் பட்ட மாத்திரத்தில் தன்னைச் சுற்றிக் கொழகொழவென்று ஒரு உறை போட்டுக்கொள்ளும், அப்புறம் விரலில் ஒட்டும், ஒன்றோடொன்று ஒட்டும், பிரிக்கவே முடியாது. அதனால் இதை முன்கூட்டி ஊற வைக்கக் கூடாது, நனைந்த துணியின் மேல் உலர்ந்த விதையைத்தான் வைக்க வேண்டும். இதைப் போட்டவர் பயறு ஊற வைக்கிற மாதிரி கிண்ணத்தில் ஊற வைத்திருக்கிறார். பிறகு ஸ்பூனால் எடுத்துப் பரப்பப் பார்த்திருக்கிறார், ஒட்டிக்கொண்டு வராமல் திண்டாடியிருக்கிறார், துணியில் ஸ்பூன் இழுத்த தடம்கூடத் தெரிகிறது. தவமணி வாய்விட்டுச் சிரித்தாள். நான் இல்லை. நான் போட்டது இல்லை இது. என் புத்தி எல்லாம் அழிந்து, பெயர் மறந்து, வீடு மறந்து போனாலும் இந்த விதையை நான் ஊற வைக்க மாட்டேன், விரலுக்குத் தெரியும், அம்மா கடைசி வாரத்திலும் முறத்தைக் கையில் கொடுத்தால் சரியாய்ப் புடைத்தாள். காது திறந்துகொண்டது. தெருவில் பால்காரர் வண்டி ஸ்டாண்டு போடும் சத்தம், மேல் வீட்டு மிக்ஸி, பால்கனியில் அவர் தொண்டையைச் செருமுவது, எல்லாம் ஒன்றாய் உள்ளே வந்தது. எழுந்து நின்று ஒரு நடனம் ஆடலாம் போல இருந்தது அவளுக்கு, ஐம்பத்தேழு வயசில், கையில் மிக்சர் டப்பாவோடு. முப்பத்தாறு களையும் என் கையில் இருக்கிறது, நாலு வருஷம் இல்லை, இன்னும் இருபது வருஷம் இருக்கிறது என்று தோன்றியது.

அப்புறம்தான் அந்தச் சந்தோஷத்தின் மேலேயே அடுத்த எண்ணம் வந்து உட்கார்ந்தது. நான் இல்லை. வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

துணியைப் பார்த்தாள். பனியன் துணி. அவர் பழைய பனியனை பைக் துடைக்க வெட்டி வைப்பாரே, அது. வெட்டின ஓரம் கம்பி பிடித்தது போல நேராய் இருந்தது, அவர் வயர் சீவுகிற கத்தி. டப்பாவைத் தூக்கி அடியில் பார்த்தாள், ஏன் பார்த்தாள் என்றால் அவள் தேதிச் சீட்டைத் தட்டின் அடியில்தான் ஒட்டுவாள், வேறு யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள், ஆனால் அவள் செய்வதைத் தினமும் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். அடியில் ஒரு சீட்டு இருந்தது. நாலு ஓரமும் கறுப்பு இன்சுலேஷன் டேப் போட்டு, தண்ணீர் புகாதபடி, அவ்வளவு கச்சிதமாய் ஒட்டியிருந்தது. டிரான்ஸ்ஃபார்மரில் எண் எழுதுகிற அந்தக் கட்டை எழுத்து.

ஞாயிறு காலை 10 மணி. 100 விதை. திங்கள் மூடியை எடுக்கணும். தண்ணி தெளிக்கணும். தவத்துக்குச் சொல்லக் கூடாது. புதன் கொடுக்கணும்.

அவள் முதலில் சிரிக்கப் பார்த்தாள். ஓகோ, ரகசியம், அதனால்தான் மறைத்தார், எனக்கு அடுத்த தட்டு இல்லாமல் போகிறதே என்று என்னைவிட இவர் கவலைப்பட்டு, நான் கல்யாணத்துக்குப் போன சமயம் பார்த்து, கிண்ணத்தில் ஊற வைத்து, நூறு எண்ணி, அந்தக் கொழகொழப்பில் நூறு எண்ணுவதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமாகவே போய்விடலாம் என்று மனசு ஓடியது. போக முடியவில்லை. இன்றைக்குத்தான் புதன். மூடி எடுக்கவில்லை. தண்ணீர் தெளிக்கவில்லை, மூடி இருந்ததால் ஈரம் நின்று தானாய் வளர்ந்திருக்கிறது. நான் கேட்டேன், அவர் குரல் மேலே போகவில்லை. அவர் மறைக்கவில்லை. இல்லை என்று அவருக்கு உண்மையாகவே தோன்றியிருக்கிறது. தவமணி சீட்டைத் திரும்பப் படித்தாள், எடுக்கணும், தெளிக்கணும், கொடுக்கணும், இது தேதிச் சீட்டு இல்லை, ஒரு மனுஷன் தனக்குத் தானே எழுதிக்கொண்டது. கண்ணில் படாத இடத்தில் ஒட்டிவிட்டார், அவ்வளவுதான். இப்படிச் சீட்டு வேறு எங்கெல்லாம் இருக்கிறது? பர்ஸிலா, பைக் பெட்டியிலா, சட்டைப் பையில் பேனாவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு மடித்த தாள் இருக்குமே, ரசீது என்று நினைத்தேனே, துவைக்கப் போடும்போது எடுத்து மேசையில் வைப்பேனே, ஒரு நாளாவது பிரித்துப் பார்த்தேனா? எல்லாம் வரிசையாய் வந்தது, பஸ்ஸும் பலாப்பழமும் வந்தது போலவே அடுக்கு குலையாமல் வந்தது. போன மாதம் பழநி ரோட்டில் பத்து நிமிஷம் நின்றுவிட்டு, வழியை மாத்திப் போட்டுட்டானுங்க என்றார். மகனிடம் டிரான்ஸ்ஃபர் கிடைத்ததா என்று ஒரே ஃபோன் பேச்சில் இரண்டு தடவை கேட்டார், அவன் எரிந்து விழுந்தான், அவளும், காது கேக்கலியா உங்களுக்கு என்றாள். காது என்றாள். இந்த ஊரின் கம்பம் கம்பமாய் எண் சொன்ன மனுஷன், போன வாரம் ஃபியூஸ் போட ஸ்டூலில் ஏறி, ஏறினது எதற்கு என்று நின்றார், அவள் இட்லிப் பானையைப் பார்த்துக்கொண்டே, இறங்குங்க விழுந்துருவீங்க என்றாள். அத்தனையும் பார்த்திருக்கிறாள். இந்தக் கண் அத்தனையும் பார்த்துப் பதிந்து வைத்திருக்கிறது, எந்த மாதிரியிலும் ஒரு களை தப்பாத கண், ஆனால் மூன்று வருஷமாய் அது தன்னையே சோதித்துக்கொண்டிருந்தது, பஸ் ஜன்னலில் உட்கார்ந்து முப்பத்தாறு பெயர் சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்தில் படுத்திருந்தவர் தனியாய்ச் சீட்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அதற்குப் பதிலாய் ஒரு தெளிவு வந்தது, பெரிய மாதிரி மூட்டை வந்து இறங்கும் நாளில் புடவையை இழுத்துச் செருகிக்கொள்ளும்போது வருமே, அது. எனக்கு இது தெரியும். அம்மாவோடு ஒன்பது வருஷம் இருந்திருக்கிறேன், எங்கே தவறு செய்தோம் என்று தெரியும். நாங்கள் ஆரம்பத்தில் சிரித்தோம், நடுவில் திட்டினோம், கடைசியில்தான் டாக்டரிடம் போனோம். அவளிடம் போய், அம்மா உனக்கு மறந்து போகுது என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொன்னான், அன்றைக்கு அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள், அதற்குப் பிறகு எங்களில் யாருக்கும் அந்தக் கதவு சரியாய்த் திறக்கவே இல்லை. இது வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். தைராய்டு இருக்கலாம், சத்துக் குறைவு இருக்கலாம், சர்க்கரை மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், பார்த்தால்தானே தெரியும். பார்த்துவிடுவோம். இந்த வாரமே. அவர் வருவாரா? தலைவலிக்கே வர மாட்டார், எனக்கென்ன கேடு என்பார். தனக்கென்றால் வர மாட்டார்.

பால்கனியில் நாற்காலி நகர்ந்தது. செருப்பைத் தேய்த்துக்கொண்டு அவர் வரும் சத்தம். தவமணி நகத்தை விட்டு டேப்பின் ஒரு முனையைக் கிளப்பினாள், நன்றாய் ஒட்டியிருந்தது, ஒரே இழுப்பாய் உரித்துச் சீட்டோடு சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். நரைத்த மீசையில் காபி நுரை.

"என்ன, சத்தத்தையே காணோம்? ஆபீஸ் இல்லியா இன்னைக்கு?" என்றவர் அவள் மடியைப் பார்த்தார். "அட, மொளச்சுக் கெடக்குது! இதைத்தான் கேட்டியா? ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? நீ எப்பப் போட்ட இத?"

முகத்தைப் பார்த்தாள். எதையும் ஒளிக்காத முகம். உண்மையாகவே ஆச்சரியப்படுகிற முகம். காலையிலிருந்து நான் இல்லை நான் இல்லை என்று நிரூபிப்பதற்கு அவள் பட்ட பாடு அவளுக்கு ஒரு கணம் ஞாபகம் வந்தது.

"நான்தான் போட்டிருக்கேன் போல," என்றாள். "மறந்துபோச்சு."

"நீயா? நீ மறந்தியா?" அவர் சிரித்தார். பிறகு அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தினார்.

"ஆமா. போட்டதே ஞாபகம் இல்ல. ஞாயித்துக்கெழமை வந்து போட்டிருக்கேன், எதுவுமே ஞாபகம் வர மாட்டேங்குது." இவ்வளவு சரளமாய்ப் பொய் வருமென்று அவளுக்கே தெரியாது. ஆனால் அடுத்து வந்தது பொய்யே இல்லை, அதனால் குரல் தானாய் உடைந்தது. "எனக்குப் பயமா இருக்குங்க. எங்கம்மா மாதிரி ஆயிருமோன்னு ரொம்ப நாளாவே பயம். உங்ககிட்டச் சொன்னதில்ல."

சௌந்தரபாண்டி கட்டிலில் கிடந்த துணிகளைக் கை போட்டு மொத்தமாய் அந்தப் பக்கம் தள்ளினார், அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கை வந்து அவள் முழங்கையைப் பிடித்தது, கம்பத்தில் ஏறுகிறவனின் கை, இன்னும் காய்ப்பு போகவில்லை.

"பயமாத்தான் இருக்கும்," என்றார் மெதுவாக. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "யாருக்கும் சொல்லவும் முடியாது. சிரிப்பாங்க."

"நான் சிரிக்க மாட்டேன்," என்றாள் தவமணி.

அவர் கட்டைவிரலால் அந்த வெளுத்த நாற்றை ஒரு பக்கமாய்த் தடவினார், அது படுத்து மறுபடி எழுந்தது. மேல் வீட்டு மிக்ஸி நின்றது.

"டாக்டரப் பாத்துரலாங்க," என்றாள். "வெள்ளிக்கெழமை லீவு போடறேன். ரத்தம் எடுக்கறதுன்னா ரெண்டு பேருக்கும் சேத்து எடுத்துருவோம், உங்களுக்கும் எடுத்து ஒரு வருஷம் ஆச்சு. அவர் என்னென்ன கேக்கறாரோ ரெண்டு பேரையும் கேக்கட்டும். எனக்குத் தனியா உக்காந்து பதில் சொல்ல வெக்கமா இருக்கும். நீங்களும் கூட உக்காந்து சொல்லுங்க."

"எனக்கு எதுக்குடி அதெல்லாம்," என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், அங்கே பக்கத்து வீட்டுச் சுவரைத் தவிர ஒன்றும் இல்லை. தவமணி அவசரப்படுத்தவில்லை. விதை தண்ணீரைக் குடிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை யாரும் குறைக்க முடியாது, அவள் முப்பத்திரண்டு வருஷம் காத்திருந்து பழகினவள், இன்னும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இந்தக் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள், ஒன்பதே கால் பஸ் போனால் போகட்டும்.

"சரி," என்றார் கடைசியில். "உனக்காகன்னா வர்றேன்." எழுந்தார், வாசல் வரை போனார், திரும்பி நின்றார். சிரிக்கிற மாதிரிதான் இருந்தது முகம். "வெள்ளிக்கெழமைன்னு காலண்டர்ல பெருசா எழுதி வச்சிரு தவம். நான் மறந்துருவேன்."

"எழுதறேன்," என்றாள் அவள். "காலையில நானும் சொல்றேன்."